‘வீட்டில் போன் இருக்கிறதா?’: தவறாகக் கேட்ட ஒரு கேள்வியும் அதன்பின் ஓராண்டும்

பெருநகரப் பள்ளி ஒன்றின் ஒன்பதாம் வகுப்பில் ஒரு கல்வியாண்டு முழுக்க நடந்தவற்றின் பதிவு இது. மாணவர், பெற்றோர், ஆசிரியர், பள்ளி, கருவிகள் கொடுத்த நிறுவனம் என எவர் பெயரும் இதில் இல்லை. அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் விட்டுவிட்டேன். நான் அந்தப் பள்ளியின் கணினி ஆசிரியர். கீழே வரும் தவறுகளில் பாதிக்குமேல் என்னுடையவை.

பின்னணி

பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் கூலி வேலை செய்வோர், வீட்டு வேலைக்குப் போவோர், இரவுக் காவலாளிகள், வண்டியில் பொருள் கொண்டுபோய்ச் சேர்ப்போர் குடியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஓரறை வாடகை வீடுகள். செல்பேசிக் கோபுரம் பள்ளி மாடியிலிருந்து பார்த்தாலே தெரியும். கண்ணாடியிழைக் கம்பி பிரதான சாலையில் ஓடுகிறது. ‘இங்கே சிக்னல் கிடைக்காது’ என்று யாரும் சொல்ல முடியாது. அதனாலேயே இந்த ஏரியாவுக்கு இணையப் பிரச்சினை உண்டு என்று எவருக்கும் தோன்றவில்லை. தொலைதூரக் கிராமம் என்றால் முதல் நாளே யோசித்திருப்போம்.

2020 ஏப்ரலில் யுனெஸ்கோவின் கணக்குப்படி உலகெங்கும் ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியே இருந்தார்கள். எங்கள் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போனது அப்போதுதான். பள்ளி திறந்ததும் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், வீட்டுப்பாடம் திரும்பி வரவில்லை. குழுவில் போடுவது ஆசிரியர்களுக்கு வசதி. யார் எப்போது அனுப்பினார்கள் என்று நேரத்தோடு பதிவாகிவிடும், நோட்டுகளைச் சுமந்து போக வேண்டியதில்லை. இதில் கிடைக்கும் புள்ளிகள் அகமதிப்பீட்டில் சேரும் என்ற விதியும் கூடவே வந்தது.

அதே 2020 இறுதியில் யுனிசெஃபும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. 3 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணையம் இல்லை என்றது அது. படித்தபோது வேறு யாரையோ பற்றிப் பேசுகிறது என்றுதான் நினைத்தேன். பின்னாளில் எங்கள் வகுப்புக்கு நான் எடுத்த கணக்கும் அந்த நினைப்பை உறுதி செய்தது. ஆண்டின் தொடக்கத்தில் வகுப்பில் நின்று, “வீட்டில் போன் இருக்கிறவர்கள் கை தூக்குங்கள்” என்றேன். 41 பேரில் 37 கைகள் எழுந்தன. நூற்றுக்குத் தொண்ணூறு என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரவு 11:40

விஷயம் வெளிப்பட்டது ஒரு மாணவியின் மதிப்பெண் பட்டியலில். வகுப்பில் கரும்பலகைக்கு வந்து கணக்குப் போடக் கூடியவள், வகுப்புத் தேர்வுகளில் முதல் பத்துக்குள் வருவாள். ஆனால் இணைய வீட்டுப்பாடத்தில் ஆறு வாரங்களில் இரண்டே சமர்ப்பிப்புகள், இரண்டும் தாமதம். ‘அலட்சியம்’ என்று கணித ஆசிரியை குறிப்பு எழுதியிருந்தார். அந்த இரண்டு சமர்ப்பிப்புகளின் நேரத்தைப் பார்த்தேன். ஒன்று இரவு 11:40, இன்னொன்று 11:52. அலட்சியமாக இருக்கும் பிள்ளை நடு இரவை நெருங்கும்போது உட்கார்ந்து கணக்கைப் படம் எடுத்து அனுப்பாது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டோம்.

“போன் அப்பாகிட்ட இருக்கும் மிஸ். காலைல ஆறு மணிக்கு எடுத்துட்டுப் போனா ராத்திரி பத்துக்குத்தான் வருவாரு. வந்ததும் சார்ஜ் போடணும். அப்புறம் அண்ணன் பாப்பான். அவன் தூங்கினதுக்கு அப்புறம் எனக்கு.”

“கணக்கெடுப்பில் கை தூக்கினாயே?”

“வீட்ல போன் இருக்குதே மிஸ்.”

அவள் சொன்னதில் பொய்யில்லை. கேள்விக்குத்தான் பதில் சொன்னாள். எல்லோர் முன்னிலையிலும் கையைத் தூக்கச் சொன்னதில் இன்னொரு கோளாறும் இருந்தது. எங்கள் வீட்டில் போன் இல்லை என்று நாற்பது பேர் பார்க்க ஒப்புக்கொள்ளும் பதினான்கு வயதுப் பிள்ளை அரிது. கை தூக்கிய 37 பேரில் இருவர் வீட்டில் இருந்தது பட்டன் போன் என்று பிறகு தெரிந்தது.

கடிகாரத் தாள்

கணித ஆசிரியை, நான், செல்பேசி பழுது பார்க்கும் தொழிலில் இருக்கும் எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர் என மூன்று பேர் சேர்ந்து கணக்கெடுப்பை மறுபடி செய்ய முடிவெடுத்தோம். இம்முறை ‘இருக்கிறதா’ என்று கேட்கவில்லை. ஒரு தாளில் 24 கட்டங்கள், ஒரு கட்டம் ஒரு மணி நேரம். ஒரு வாரத்துக்குத் தினமும், படிப்புக்காகப் போன் தன் கையில் இருந்த நேரத்தை மாணவர் நிழலிட்டுக் காட்ட வேண்டும். பெயர் மூடிய உறைக்குள் இருக்கும், வகுப்பில் யாரும் படிக்க மாட்டார்கள். பிள்ளைகள் அதற்குக் கடிகாரத் தாள் என்று பெயர் வைத்தார்கள்.

39 தாள்கள் திரும்பி வந்தன. இரவு ஒன்பது மணிக்கு முன்னால் நாளுக்கு ஒரு மணி நேரமாவது போன் கையில் கிடைத்தவர்கள் 13 பேர். அரை மணி நேரத்துக்கும் குறைவாகக் கிடைத்தவர்கள் 17 பேர். மற்ற 9 பேர் நடுவில். தொண்ணூறு சதவீதம் என்று நான் எழுதியது மூன்றில் ஒரு பங்காகக் கரைந்துவிட்டது.

தாளின் பின்பக்கத்தில் ‘எது தடை?’ என்று ஒரே வரியில் கேட்டிருந்தோம். நாங்கள் எதிர்பார்த்தது ‘டேட்டா இல்லை’. அது வந்தது. ஆனால் அதைவிட அதிகம் வந்தது ‘ஸ்டோரேஜ் ஃபுல்’. காரணம் எங்கள் குழுதான். ஆசிரியர் ஒரு பாடம் போட்டால் நாற்பது பேர் “ஓகே மிஸ்” என்பார்கள், நாற்பது பேரும் தங்கள் விடைத்தாள் படங்களை அதே குழுவில் போடுவார்கள். செட்டிங்ஸை மாற்றாத போனில் வாட்ஸ்அப் அந்தப் படங்களைத் தானாகவே இறக்கிக்கொள்ளும். பகலெல்லாம் அப்பாவின் பையில் கிடந்த போன் இரவு வீட்டுக்கு வரும்போது, அடுத்தவர் வீட்டுப்பாடத்தால் நிரம்பியிருக்கும். அன்றைய டேட்டாவும் அதில் போயிருக்கும்.

வேறு சில தடைகளை எங்கள் அறையில் உட்கார்ந்து ஊகித்திருக்கவே முடியாது. ரீசார்ஜ் காலாவதியாகி எண் கைவிட்டுப் போனால், அந்த எண்ணோடு குழுவும் போகும், ஓடிபி வரும் வழியும் போகும், அதோடு லாகினும் போகும். புது எண்ணைப் பள்ளியில் சொல்ல வேண்டும் என்று எந்தப் பெற்றோருக்கும் தோன்றவில்லை. எங்கள் வகுப்பில் பெரியப்பா பிள்ளையும் சித்தப்பா பிள்ளையுமாக இருவர் ஒரே வீட்டில் ஒரே போனில் படிப்பவர்கள். நான் தயாரித்த வினாப் படிவத்தில் ‘ஒரு லாகினுக்கு ஒரு பதில்’ என்று பூட்டு வைத்திருந்தேன். அதனால் முதலில் அனுப்புகிறவனுக்கு மதிப்பெண், மற்றவனுக்குப் பூஜ்யம். நான்கு மாதங்கள் இருவரும் முறை வைத்துக்கொண்டு, ஒரு வாரம் இவன், ஒரு வாரம் அவன் என்று அனுப்பி வந்திருக்கிறார்கள். ஒருவரும் என்னிடம் வந்து சொல்லவில்லை. கம்ப்யூட்டர் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

முதல் முடிவு: டேப் கொடுப்பது

இந்தக் கணக்கோடு தலைமை ஆசிரியரைப் பார்த்த அதே மாதத்தில், நிறுவனம் ஒன்று புதுப்பிக்கப்பட்ட 24 டேப்லெட்களைத் தர முன்வந்தது. எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன: மாதாமாதம் டேட்டா போட்டுக் கொடுப்பது, கணினி அறையைப் பள்ளி நேரத்துக்கு வெளியே திறந்து வைப்பது, டேப்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது. டேட்டாவுக்குப் பணம் இல்லை. அறையைத் திறந்தால் யார் உட்காருவது, சாவி யாரிடம் என்ற கேள்வி. டேப்கள் வாசலில் வந்து நின்றன. எடுத்துக்கொண்டோம்.

பெரு நாட்டில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை 319 தொடக்கப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் வெளியான மதிப்பீடு எனக்குத் தெரியாததில்லை. ஒரு மாணவருக்கு 0.12 ஆக இருந்த கணினி எண்ணிக்கை 1.18 ஆக உயர்ந்தும் கணக்கிலோ மொழியிலோ தேர்ச்சி கூடியதற்குச் சான்றில்லை என்றது அது. ஆசிரியர் பயிற்சியில் மற்றவர்களுக்கு இதை எடுத்துச் சொன்னவனே நான்தான். பெட்டிகள் வந்து இறங்கிய அன்று அது நினைவுக்கு வரவில்லை.

யாருக்குக் கொடுப்பது என்பதில் பெரிய தவறு செய்தோம். ‘திறமையான மாணவர்களுக்கு’ என்றது நிறுவனம். நாங்கள் மொத்த மதிப்பெண் வரிசையில் முதல் 24 பேரை எடுத்தோம். அந்த வரிசையில் இணைய வீட்டுப்பாட மதிப்பெண்ணும் சேர்ந்திருந்தது. ஆக, போன் இல்லாததால் மதிப்பெண் இழந்தவர்கள், மதிப்பெண் இழந்ததால் டேப்பையும் இழந்தார்கள். இரவு 11:40 மாணவிக்கு 29ஆவது இடம். கடிகாரத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே இதைச் செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெற்றோரிடம் ஓர் உறுதிமொழித் தாளிலும் கையெழுத்து வாங்கினோம்: ‘கருவி சேதமடைந்தாலோ தொலைந்தாலோ முழு விலையையும் செலுத்துவேன்.’ பொறுப்பு வர வேண்டுமே என்று சேர்த்த வரி.

மூன்று மாதம் கழித்து

24 டேப்களையும் ஒருநாள் பள்ளிக்குக் கொண்டுவரச் சொன்னோம். வராதவற்றைப் பழுது பார்க்கும் முன்னாள் மாணவர் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். தினமும் பயன்பட்டவை 9. வீட்டில் பத்திரமாக எடுத்து வைக்கப்பட்டவை 7. திரை உடைந்தோ பேட்டரி உப்பியோ போனவை 4. கணக்குப் பூட்டில் சிக்கியவை 2. எங்கே என்று சொல்ல முடியாதவை 2.

எடுத்து வைக்கப்பட்ட ஏழும்தான் எங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன. ஒரு தாய் சொன்னார்: “பிள்ளை கையில கொடுத்து உடைஞ்சா அந்தக் காசுக்கு நாங்க எங்க சார் போறது? அதான் துணி சுத்தி மேல வச்சிருக்கோம். நீங்க கேட்டா அப்படியே கொடுத்துரலாம்னு.” பொறுப்புக்காக நாங்கள் சேர்த்த வரி வேலை செய்திருந்தது, அளவுக்கு மீறியே. போதாக்குறைக்கு, சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்த லித்தியம் பேட்டரி சிலவற்றில் மறுபடி எழவே இல்லை. பத்திரப்படுத்தியதே பழுதாக்கிவிட்டது.

பூட்டில் சிக்கிய இரண்டின் கதை வேறு. பாஸ்வேர்ட் மறந்துபோய், யாரோ சொன்னபடி டேப்பை முழுதாக அழித்துத் திரும்பத் தொடங்கியிருக்கிறார்கள். ஆண்ட்ராய்டில் 2015 முதல் ஒரு திருட்டுத் தடுப்பு ஏற்பாடு உண்டு. அப்படி அழித்தாலும் பழைய கணக்கின் பாஸ்வேர்ட் கொடுத்தால்தான் கருவி திறக்கும். அந்தக் கணக்குகளை முதல் நாள் அவசர அவசரமாகத் திறந்து கொடுத்தது நான். பாஸ்வேர்டுகளை எங்கும் எழுதி வைக்கவில்லை.

தினமும் பயன்பட்ட ஒன்பதில் ஏழு, கடிகாரத் தாளில் ஏற்கெனவே ஒரு மணி நேரத்துக்குமேல் போன் கிடைத்த பிள்ளைகளுடையவை. யோசித்தால் இதில் வியப்பில்லை. சிம் இல்லாத டேப்புக்கு ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுக்க மாலையில் வீட்டில் ஒரு போன் இருக்க வேண்டும். போன் இருக்கும் வீட்டில் டேப்பும் ஓடியது. இல்லாத வீட்டில் அது வெறும் கண்ணாடிப் பலகை.

இரண்டாம் முடிவு: பாடத்தை இளைக்க வைப்பது, அறையைத் திறப்பது

இம்முறை கருவியிலிருந்து தொடங்காமல், நாங்கள் அனுப்பும் வீட்டுப்பாடத்திலிருந்தே தொடங்கினோம். ஒரு வாரத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு எல்லா ஆசிரியர்களும் அனுப்பியவற்றை ஒரே போனில் இறக்கி எடை பார்த்தேன். காணொளிதான் பெரும் பாரம். நொடிக்கு ஒரு மெகாபிட் என்ற சுமாரான தரத்தில் ஓடும் காணொளியே ஒரு மணி நேரத்தில் 450 எம்பி தின்றுவிடும். பிள்ளைகள் திருப்பி அனுப்புவதும் லேசுப்பட்டதில்லை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எழுத்து மங்குகிறது என்று “டாக்குமென்டாக அனுப்பு” என்று கேட்டு வந்தோம். ஒரு பக்கம் 4 எம்பி, எட்டுப் பக்கம் 32 எம்பி. ஊரே போனைப் பிடித்திருக்கும் இரவு நேரத்தில் அதை மேலேற்ற வேண்டும்.

கணித ஆசிரியை ஒரு யோசனை சொன்னார். காணொளியை விட்டுவிட்டுக் கணக்கின் படிகளை ஒரே தாளில் எழுதிப் படம் எடுத்து, அதைப் பேசி விளக்கும் குரல் பதிவைச் சேர்த்து அனுப்புவது. பேச்சுக்கு நொடிக்கு 24 கிலோபிட் தாராளம். பத்து நிமிடக் குரல் பதிவு 2 எம்பிக்கும் குறைவு. ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையமில்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம், வேலையில் இருக்கும் அம்மாவின் போனிலிருந்து அடுத்தவர் போனுக்கு நேரடியாக மாற்றிக்கொள்ளலாம்.

ஆசிரியர் கூட்டத்தில் எதிர்ப்பு இருந்தது. “இல்லாதவனுக்காக இருக்கிறவனுக்கும் தரத்தைக் குறைக்க வேண்டுமா?” என்று அறிவியல் ஆசிரியர் கேட்டார். நியாயமில்லாத கேள்வி என்று சொல்லிவிட முடியாது. பாதரசம் நிரம்பிய குழாயில் மட்டம் இறங்குவதைக் காணொளியில் பார்ப்பதும் காதால் கேட்பதும் ஒன்றல்ல. அவருக்கு அளித்த பதில், அப்படிப்பட்ட காணொளியைப் பள்ளி அறையில் காட்டலாம், வீட்டுக்கு அனுப்பும் கட்டாயப் பாடம் மட்டும் ஒல்லியாக இருக்கட்டும் என்பது. கடைசியில் எழுதிக்கொண்ட விதிகள் சில: ஒரு நாளின் வீட்டுப்பாடம் எல்லாப் பாடங்களும் சேர்த்து 10 எம்பிக்குள், ஆசிரியர் மட்டுமே எழுதக்கூடிய அறிவிப்புக் குழு தனியாக, கெடு அடுத்த நாள் காலை என்பது போய் மூன்று நாள், நோட்டில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாலும் அதே மதிப்பெண். கடைசி விதிக்குத்தான் நீண்ட நேரம் வாதாடினோம். என் படிவத்தின் பூட்டை அன்றே எடுத்துவிட்டேன்.

அடுத்தது அறை. கணினி அறையை மாலை இரண்டு மணி நேரம் திறந்தோம். பள்ளியின் இணைப்பு அத்தனை பேரைத் தாங்காது என்பதால், உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெரி பை கணினியில் கோலிப்ரி, கிவிக்ஸ் ஆகிய இரண்டு இலவச மென்பொருள்களை ஏற்றினோம். பாடங்களையும் விக்கிப்பீடியாவையும் முன்கூட்டியே அதில் சேமித்து வைத்தால், வெளியிணையம் இல்லாமலே அறைக்குள் இருக்கும் வைஃபையில் எல்லாக் கருவிகளும் அவற்றைப் படிக்கலாம். ஆசிரியர்களின் குரல் பதிவுகளையும் அதிலேயே போட்டோம்.

மூன்றாவது, மிஞ்சிய டேப்களைத் திரும்ப வாங்கி நூலகப் புத்தகம்போல் இரவல் கொடுப்பது. மாலை எடுத்துப் போய்க் காலையில் திருப்ப வேண்டும். உறுதிமொழித் தாளைக் கிழித்துப் போட்டோம். உடைந்தால் பள்ளி சரிசெய்யும். முன்னுரிமைக்கு மதிப்பெண் கணக்கில்லை, கடிகாரத் தாளில் யாருக்கு நேரம் குறைவோ அவருக்கு முதலில். ஒவ்வொருவருக்கும் கணக்குப் பெயரும் பாஸ்வேர்டும் எழுதிய அட்டை, அதன் நகல் தலைமை ஆசிரியர் அலமாரியில்.

தொடர்ந்து நடந்தவை

முதல் வாரம் அறை நிரம்பி வழிந்தது. இரண்டாம் வாரம் வருகைப் பதிவைப் பார்த்தபோது பத்துக்கு எட்டுப் பேர் பையன்கள். பெண் பிள்ளைகள் மாலையில் தண்ணீர் பிடிக்கவும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. இருட்டியபின் அனுப்ப வீட்டில் சம்மதமும் இல்லை. அவர்களை வரச் சொல்லி வற்புறுத்துவதற்குப் பதில் நேரத்தை மாற்றினோம். பள்ளி தொடங்கும் முன் காலையில் ஒன்றரை மணி நேரம் கூடுதலாகத் திறந்ததும் அந்த வேளைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண் பிள்ளைகள். 11:40 மாணவி முதல் நாளே வந்துவிட்டாள்.

வைஃபை இரண்டு வாரம் படுத்தியது. அந்தச் சிறு கணினியின் உள்வைஃபை பத்துக் கருவிகளைத் தாண்டியதும் திணறியது, பழைய ரவுட்டர் ஒன்றை இணைத்தோம். அதன்பின்னும் மாலையில் விட்டுவிட்டு வந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத அலைவரிசைகள் 1, 6, 11 என மூன்றுதான். சுற்றுவட்டாரத்து ரவுட்டர்கள் எல்லாம் 6இல் குவிந்திருந்தன. நாங்கள் 11க்கு மாறியதும் அடங்கியது.

இவற்றைவிட முக்கியமானது சாவி. நான் காய்ச்சலில் படுத்த ஒரு வாரம் அறை திறக்கவில்லை. திரும்பி வந்து திறந்தபோது பாதிப் பேர்கூட வரவில்லை, பழைய எண்ணிக்கைக்கு வர மூன்று வாரம் பிடித்தது. வீட்டில் பத்து வேலையைத் தள்ளிவைத்து வரும் பிள்ளை பூட்டிய கதவை இரண்டு நாள் பார்த்தால் மூன்றாம் நாள் வராது. அதன்பிறகு சாவி மூவரிடம் இருந்தது, முறைப் பட்டியல் கதவிலேயே ஒட்டப்பட்டது.

அறைக்குள் என்ன செய்தார்கள் என்பதிலும் எங்கள் எண்ணம் பிழைத்தது. சேமித்து வைத்த அயல் பாடக் காணொளிகளை அதிகம் பேர் தொடவில்லை. தங்கள் பாடமொழியில் இருந்தவை குறைவு. அதிகம் கேட்கப்பட்டவை கணித ஆசிரியையின் குரல் பதிவுகள். அதற்கடுத்து அவர்கள் உட்கார்ந்தது பாடத்துக்கே அல்ல. அம்மாவுக்கு விண்ணப்பம் நிரப்புவது, அண்ணனுக்கு வேலைக்கான விவரக் குறிப்பு தட்டச்சு செய்வது, உதவித்தொகை இணையதளத்தில் சான்றிதழை ஏற்றுவது. ‘படிக்க வந்த இடத்தில்’ என்று முதலில் தடுத்தோம், பிறகு விட்டுவிட்டோம். இணையப் பயன்பாட்டை ஆராயும் சமூகவியலாளர் எஸ்டர் ஹர்கிட்டாய் 2002இலேயே இணையம் இருப்பவர்களுக்குள்ளேயும் அதைக் கையாளும் திறமையில் இரண்டாம் நிலை இடைவெளி உண்டு என்று எழுதினார். அதை நான் கண்ணால் பார்த்தது இந்த அறையில்தான். குறுங்காணொளிகளை மின்னல் வேகத்தில் தள்ளிப் பார்க்கும் விரல்களுக்கு ஒரு கோப்பைச் சேமித்த இடத்தில் தேடி எடுக்கத் தெரியவில்லை. 500 கேபிக்குள் படத்தைச் சுருக்கு என்று இணையதளம் கேட்டால் அதோடு விண்ணப்பம் நின்றது. அந்த வேலைகளைச் செய்து செய்துதான் கற்றுக்கொண்டார்கள்.

ஒரு கெட்ட நிகழ்வும் உண்டு. மாணவி ஒருத்தி லாக்அவுட் செய்யாமல் போக, அவள் கணக்கிலிருந்து வேறொருவன் விளையாட்டாகச் செய்தி அனுப்பினான். வீட்டில் பெரிய சண்டையாகி அவளை இரண்டு வாரம் அறைக்கு அனுப்பவில்லை. பொதுக் கருவியை வைத்துவிட்டு வெளியேறும் பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்காதது எங்கள் குறை. கதவு மூடினால் எல்லாக் கணக்கும் தானே வெளியேறும்படி மறுநாள் அமைத்தோம்.

விளைவு

ஆண்டின் கடைசிக்கு முந்தைய மாதத்தில் கடிகாரத் தாளை மறுபடி கொடுத்தோம். மூன்று பேர் அதற்குள் இடம்பெயர்ந்து போய்விட்டதால் 38 தாள்கள். ஒரு மணி நேரத்துக்குமேல் கிடைத்தவர்கள் 24, அரை மணிக்குக் கீழ் 6, நடுவில் 8.

பார்க்க நன்றாக இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் அந்த 24 பேரில் 9 பேருக்கு அந்த ஒரு மணி நேரம் பள்ளி அறையில் மட்டுமே கிடைத்தது. வீட்டுக் கணக்கை மட்டும் எடுத்தால் 13 ஆக இருந்தது 15 ஆகியிருந்தது. 24 டேப்களும் ஓராண்டு உழைப்பும் வீட்டுக்குள் கூட்டியது இரண்டு பேர். அறை திறந்திருக்கும்வரைதான் மற்ற ஒன்பது பேருக்கும் நேரம்.

வீட்டுப்பாடச் சமர்ப்பிப்பு வெகுவாகக் கூடியது. கூடியதற்கு முதற்காரணம் மூன்று நாள் கெடுவும் நோட்டில் கொடுக்கலாம் என்ற விதியுமே என்று நினைக்கிறேன். அந்த விதிகள் வந்த வாரத்திலேயே, அறை திறப்பதற்கு முன்பே, மாற்றம் தெரிந்தது. அவற்றுக்கு ஒரு காசும் செலவாகவில்லை. ஆண்டுத் தேர்வு மதிப்பெண் உயர்ந்ததா என்று கேட்கிறார்கள். ஒரே வகுப்பு, ஒரே ஆண்டு, நடுவில் பாட ஆசிரியர் ஒருவர் மாறினார். இதை வைத்து எதையும் சொல்ல மாட்டேன்.

‘அலட்சியம்’ என்ற குறிப்பைக் கணித ஆசிரியை தானே அடித்துவிட்டு, பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

மறுபடி செய்தால்

கருவி வரும்முன் கடிகாரத் தாள் வர வேண்டும். வந்த தாளை அலமாரியில் வைத்துவிட்டு மதிப்பெண் பட்டியலைக் கையில் எடுக்கக் கூடாது. கொடுப்பவர் விதிக்கும் நிபந்தனை அந்தத் தாளோடு முரண்பட்டால், அதை அவரிடமே காட்டிப் பேச வேண்டும். நாங்கள் பேசிப் பார்க்கவே இல்லை. காட்டியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார்கள் என்றே இப்போது தோன்றுகிறது.

பழுது பார்ப்பதற்கான ஏற்பாட்டையும் முதல் நாளிலிருந்தே வைப்பேன். எங்கள் முன்னாள் மாணவர் நட்புக்காகச் செய்தார். அடுத்த ஆண்டும் அவரை அப்படியே நம்பியிருப்பது சரியல்ல. காலை வேளை அறைக்கு உட்காரும் ஆசிரியருக்கு அந்த நேரம் பணி நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. பெண் பிள்ளைகளிடம் நேரத்தைக் கேட்டு அறிந்தபின்தான் நேரம் குறித்திருக்க வேண்டும்.

இடம்பெயரும் பிள்ளைகளுக்கு எங்களிடம் எந்த வழியும் இல்லை. வாடகை ஏறினாலோ வேலை மாறினாலோ இந்தத் தெருக்களில் குடும்பங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும், அறையை யாரும் கையோடு எடுத்துப் போக முடியாது. தேர்வு முடிந்த வாரம் 11:40 மாணவியின் குடும்பம் நகரின் மறுகோடிக்குக் குடிபெயர்ந்தது. மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அன்று, இரவல் எடுத்த டேப்பைத் துணிப்பையில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். சார்ஜ் முழுதாக இருந்தது, அட்டையும் உள்ளே. புதுப் பள்ளியில் வீட்டுப்பாடம் எப்படி என்று கணித ஆசிரியை கேட்டார். “வாட்ஸ்அப்லதான் மிஸ்” என்றாள். ஆசிரியை டேப்பை அவள் பக்கம் திருப்பித் தள்ளினார். இரவல் பதிவேட்டில் அந்த வரியில் ‘திரும்பியது’ என்ற கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. தணிக்கைக்கு அதை எப்படி எழுதுவது என்று தலைமை ஆசிரியர் என்னைக் கேட்டிருக்கிறார்.